பத்திரம் எழுதிய நாளில் தரமணி எந்த மாவட்டம்?

அந்த அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் நாலாக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழியத் தொடங்கிய ஒரு கிரயப் பத்திரம். 1962-இல் அவருடைய அப்பா தரமணியில் வாங்கிய நிலம் அது.

“செங்கல்பட்டு ஜில்லான்னு போட்டிருக்கே, அங்கதான் கெடைக்கும்னு ரயிலேறி செங்கல்பட்டுக்கே போயிட்டு வந்துட்டேன் சார். எங்க லிஸ்ட்ல தரமணின்னு ஒரு ஊரே இல்லைன்னுட்டாங்க” என்றார்.

பத்திரத்தில் எழுதியிருந்ததும் சரி, அங்கே அவருக்குச் சொன்னதும் சரி. இடையில் ஒரு பெயர் செத்துப் பிழைத்திருக்கிறது. இன்று நாம் செங்கல்பட்டு மாவட்டம் என்று சொல்வது 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து பிறந்த மாவட்டம். அவருடைய அப்பா நிலம் வாங்கியபோது இருந்த செங்கல்பட்டு ஜில்லா வேறு. அது பழவேற்காட்டிலிருந்து மதுராந்தகத்துக்குத் தெற்கே வரை நீண்டு கிடந்த பெரிய மாவட்டம். அதன் ஆட்சியர் அலுவலகம்கூடச் செங்கல்பட்டில் இல்லை. 1968 ஜூலையில் காஞ்சிபுரத்துக்கு மாறும் வரை அது சைதாப்பேட்டையில் இருந்தது. அந்த அம்மா ரயிலேறிக் கடந்துபோன சைதாப்பேட்டையில்.

பழைய நில ஆவணம் தேடுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி “இந்த இடம் இப்போது எந்த ஆபீஸில் வருகிறது?” என்பது. அந்தக் கேள்விதான் அலைச்சலுக்கு வழி. பத்திரத்தின் தேதியைப் பாருங்கள். அந்தத் தேதியில் அந்த ஊர் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்தச் சார்பதிவகம் என்று கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடிக்கும் வரை எந்த அலுவலகத்துக்கும் பேருந்து ஏறாதீர்கள்.

ஓர் ஊருக்கு மூன்று எல்லை

ஒரே ஊரின் மேல் மூன்று கோடுகள் ஓடுகின்றன. வருவாய்த் துறையின் கோடு ஒன்று: மாவட்டம், வட்டம், கிராமம். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம் எல்லாம் இந்தக் கோட்டுக்குள். பதிவுத் துறையின் கோடு இன்னொன்று: பதிவு மாவட்டம், சார்பதிவகம். கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப் பிரிவினை, வில்லங்கச் சான்று எல்லாம் இதற்குள். மூன்றாவது உள்ளாட்சியின் கோடு: பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி. வீட்டு வரி ரசீதும் கட்டட அனுமதியும் இதற்குள்.

மூன்றும் ஒரே நாளில் மாறுவதில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். தரமணிக்குப் பக்கத்து ஊரான பெருங்குடியைப் பாருங்கள். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது பெருங்குடி மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆனால் வருவாய்க் கணக்கில் அது காஞ்சிபுரம் மாவட்டமாகவே இருந்தது. சென்னை மாவட்டத்தின் எல்லையும் 426 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது 2018-இல்தான். இடைப்பட்ட ஏழு வருடம் அந்த ஊர்க்காரர்கள் வீட்டு வரியைச் சென்னைக்குக் கட்டினார்கள், பட்டாவைக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாங்கினார்கள். அந்த வருடங்களில் எழுதிய பத்திரங்களில் சில ‘சென்னை’ என்றும் சில ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்றும் சொல்லும். இரண்டுமே பொய்யில்லை. எழுதியவர் எந்தக் கோட்டை மனதில் வைத்து எழுதினார் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இடது ஓரத்தில் ஆண்டும் அதற்கு நேரே மூன்று கட்டமும் போட்டுக்கொள்ளுங்கள். கையிலுள்ள ஒவ்வொரு தாளும், வரி ரசீது உட்பட, எந்தக் கட்டத்தில் உட்காருகிறது என்று எழுதுங்கள். காலியாக நிற்கும் கட்டங்கள்தான் நீங்கள் தேட வேண்டியவை.

தரமணி கடந்து வந்த கைகள்

1763-இல் ஆற்காட்டு நவாபு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலப்பரப்புதான் பிற்காலத்துச் செங்கல்பட்டு ஜில்லா. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் ஊர்களை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். சொத்து வழக்குக்கு அவ்வளவு பின்னால் போகத் தேவையில்லை. ஊர் வரலாறு எழுத நினைப்பவர்கள் அந்தப் பெயரை நினைவில் வைத்திருந்தால் போதும்.

பெயரை நம்பித் தேடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு புத்தகத்தின் தலைப்பே சாட்சி. சார்லஸ் ஸ்டூவர்ட் க்ரோல் 1879-இல் தொகுத்த ஜில்லா கையேட்டின் தலைப்பு, ‘முன்பு மெட்ராஸ் ஜில்லாவாக இருந்த செங்கல்பட்டு ஜில்லா’ என்று பொருள்படும். அதாவது இந்த நாட்டுப்புறம் முழுவதும் ஒரு காலத்தில் மெட்ராஸ் ஜில்லா என்றே பெயர் தாங்கியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதித் தாளில் ‘மெட்ராஸ் ஜில்லா’ என்று கண்டால் அது பட்டணத்தைக் குறிக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தரமணியின் முகவரி செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா. 1978-இல் வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர் முதலிய ஊர்கள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அதையொட்டி வருவாய்க் கணக்கும் சென்னை மாவட்டத்துக்கு மாறியது; வட்டமும் மாறியது. பிறகு சென்னையின் ஐந்து வட்டங்கள் பத்தாகப் பிரிந்தபோது வேளச்சேரி தனி வட்டமாகி, தரமணி அதற்குள் வந்தது. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ தேடுகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவை எப்போதுமே பட்டணம். அடையாற்றைத் தாண்டித் தெற்கே வந்தால்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

பெருங்குடியின் பாதை வேறு. 1978-இல் அது செங்கல்பட்டு மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. பிறகு அந்த மாவட்டமே செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று பெயர் மாறியது. 1997 ஜூலை 1 அன்று காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. வட்டமும் சைதாப்பேட்டை, தாம்பரம், சோழிங்கநல்லூர் என்று கை மாறி, கடைசியில் 2018-இல் சென்னை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். வருவாய்க் கணக்கில் பட்டணத்துக்குள் வந்ததில் நாற்பது வருட இடைவெளி. உங்கள் பத்திரம் 1985-இல் எழுதியதாக இருந்து, தரமணி நிலம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, அதில் செங்கல்பட்டு மாவட்டம் என்று கண்டால் இரண்டில் ஒன்று. நிலம் உண்மையில் பெருங்குடிப் பக்கம் இருக்கிறது; அல்லது பத்திரம் எழுதியவர் பழைய தாய்ப் பத்திரத்தின் விவரத்தை அப்படியே பார்த்து எழுதிவிட்டார். இரண்டாவது நிறையவே நடந்திருக்கிறது. எல்லை மாறியபின்னும் எழுத்தர்களின் கை பல வருடம் பழைய பழக்கத்திலேயே ஓடியது.

மாநில எல்லையே நகர்ந்த இடங்களில் இது மொழிச் சிக்கலாகவும் ஆகும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி. அங்கே தேடுகிறவர் தெலுங்கோ மலையாளமோ படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போக வேண்டும். அமெரிக்காவிலும் இதே பாடுதான். கெண்டக்கி 1792 வரை வர்ஜீனியாவின் பகுதி. கவுண்டிகள் பிரிந்து பிரிந்து புதியவை வந்தபோது பழைய பத்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் தாய்க் கவுண்டியின் நீதிமன்றத்திலேயே தங்கிவிட்டன. தாத்தாவின் நிலத்தைத் தேடும் அமெரிக்கர் முதலில் செய்வது ‘தாய்க் கவுண்டி எது’ என்று கண்டுபிடிப்பது. நமக்கும் அந்தப் புத்தி வேண்டும்.

பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள்

அந்த அம்மாவின் பத்திரத்தை மேசைமேல் விரித்துக் கவிழ்த்தேன். அவர் பதறிப் போனார், கிழிந்துவிடுமோ என்று. எல்லோரும் முன்பக்கத்தைப் படிக்கிறார்கள். தேடுகிறவருக்கு வேண்டியது பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கே வட்ட முத்திரை, எழுதிக்கொடுத்தவரின் கையெழுத்து, பெருவிரல் ரேகை, சாட்சிகள், கடைசியில் சார்பதிவாளர் எழுதிய இரண்டு வரி. அந்த வரியின் அமைப்பு இப்படி இருக்கும்: ‘1 புஸ்தகம், இன்ன வால்யூம், இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை, 1962-ம் வருஷத்து இன்ன நெம்பராக ரிஜிஸ்தர் செய்யப்பட்டது.’ முத்திரையில் அலுவலகத்தின் பெயர் இருக்கும். அந்த அலுவலகம், அந்த வருடம், அந்த எண். மூன்றும் கிடைத்துவிட்டால் மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் கவலையில்லை. அம்மாவின் பத்திரத்தில் மை மங்கியிருந்தாலும் முத்திரையின் விளிம்பில் ‘சைதாப்’ வரை படிக்க முடிந்தது.

சார்பதிவகம் பிரியும்போது பெரும்பாலும் நடப்பது இது: பழைய வால்யூம்கள் தாய் அலுவலகத்திலேயே நிற்கும்; புதிய அலுவலகம் தன் திறப்பு நாளிலிருந்து புதுப் புத்தகம் தொடங்கும். பதிவுத் துறையின் இணையதளம் ஒரு கிராமத்தைக் கொடுத்தால் இன்றைய சார்பதிவகத்தைக் காட்டும். அது பாதி விடைதான். அந்த அலுவலகம் எந்தத் தேதியில் திறந்தது, அதற்கு முன் உங்கள் கிராமம் எந்த அலுவலகத்தில் இருந்தது என்று அங்கேயே கேளுங்கள். வாய்மொழியில் தெளிவு கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். “இன்ன வருவாய்க் கிராமம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது?” என்று ஒரே கேள்வி. சுற்றி வளைக்காத கேள்விக்கு நேரான பதில் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தாலுகாவையும் சார்பதிவகத்தையும் தாண்டி இன்னொரு கதவு உண்டு, பலருக்குத் தெரியாது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 30-ஆம் பிரிவில், மெட்ராஸ் போன்ற தலைநகர மாவட்டத்தின் பதிவாளர், நாட்டில் எங்கே இருக்கும் சொத்தின் பத்திரத்தையும் பதியலாம் என்று இடம் கொடுத்திருந்தது. அந்த வசதி இப்போது நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது இருந்த காலத்தில் பட்டணத்தில் வேலை பார்த்தவர்கள், வங்கியில் கடன் வாங்கியவர்கள் கிராமத்து நிலத்தைப் பட்டணத்திலேயே பதிந்தார்கள். அப்போது சொத்து இருக்கும் எல்லையின் அலுவலகத்துக்கு ஒரு நகலோ குறிப்போ போகும். முழுப் பத்திரம் பட்டணத்தின் புத்தகத்தில் இருக்கும், உள்ளூர்ப் புத்தகத்தில் குறிப்பு மட்டும் இருக்கும். உள்ளூரில் ஒரு வரி மட்டும் கண்டால் ‘இவ்வளவுதான்’ என்று விட்டுவிடாமல் அந்த வரியில் உள்ள பதிவாளர் பெயரைக் குறித்துக்கொண்டு அங்கே போங்கள்.

வில்லங்கம் இல்லை என்ற சான்று

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்திதான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

வில்லங்கச் சான்று இரண்டு வடிவில் வரும். பதிவுகள் இருந்தால் படிவம் 15; எதுவும் இல்லையென்றால் படிவம் 16. நிலம் வாங்கப் போகிறவர் படிவம் 16-ஐக் கண்டதும் மனம் குளிர்ந்துவிடுகிறார். ஆனால் அந்தத் தாள் சொல்வது “எங்கள் புத்தகத்தில், நீங்கள் கொடுத்த எண்ணில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஒன்றும் இல்லை” என்பதை மட்டும்தான். தப்பான அலுவலகத்தில், ஊர் அந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முந்தைய வருடங்களுக்கு, பழைய சர்வே எண்ணுக்குப் பதில் புது எண்ணைக் கொடுத்துக் கேட்டால் படிவம் 16 தவறாமல் வரும். அடுத்த தெருவில் உள்ள தாய் அலுவலகத்தில் அதே நிலத்தின் மேல் ஓர் அடமானம் படுத்துக் கிடக்கும். ஆயுள் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கிய குடும்பங்கள் இந்த ஒரு தாளால் நீதிமன்றப் படி ஏறியதைக் கண்டு மனம் வெந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த அலுவலகம், எந்தக் காலம், எந்த எண் என்ற மூன்றையும் பார்க்காமல் படிவம் 16-ஐ நம்பாதீர்கள்.

இணையத்தில் பல அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்கம் பார்க்கலாம். அதற்கு முந்தியதற்குப் பெரும்பாலும் கைமுறைத் தேடல்தான். பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி 1-ஆம், 2-ஆம் புத்தகங்களையும் 1-ஆம் புத்தகத்தின் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம். பெயர்வாரி அட்டவணை ஒன்று, சொத்துவாரி அட்டவணை ஒன்று. எல்லை மாறிய ஊர்களுக்குப் பெயர்வாரி அட்டவணைதான் உயிர்நாடி. ஊர் கை மாறும், சர்வே எண் மாறும். எழுதிக்கொடுத்தவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் மாறாது.

எண்ணும் எழுத்தும்

கிராமமாக இருந்தபோது நிலத்துக்குக் கிராம சர்வே எண். நகரமானபின் நகர நில அளவை வந்து பிளாக் எண்ணும் டி.எஸ். எண்ணும் கொடுக்கும். ஒரு பழைய சர்வே எண் பத்து இருபது டி.எஸ். எண்ணாக உடையும். பழையதையும் புதியதையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் தேடல் நகராது. வட்டாட்சியர் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் சேப்பாக்கத்தில் நில அளவை, நிலவரித் திட்ட இயக்ககம் இருக்கிறது. அதற்கும் முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே போகும்போது கோரிக்கையில் இன்றைய முகவரியை எழுதாதீர்கள். ‘செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா, தரமணி கிராமம்’ என்று எழுதுங்கள். அங்குள்ள பட்டியல்கள் அந்தக் காலத்துப் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் பட்டா பார்க்கும்போது இதற்கு நேர் எதிர்: இன்றைய மாவட்டம், இன்றைய வட்டம்.

தரமணியில் தேடுகிறவர் அரசிதழையும் புரட்ட வேண்டியிருக்கும். கல்வி நிறுவனங்களுக்கும் தொழில் வளாகங்களுக்கும் இந்த ஊரில் எவ்வளவு நிலம் போயிருக்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழ் 4-ஆம் பிரிவு அறிவிக்கை, 6-ஆம் பிரிவு பிரகடனம், பிறகு அவார்டு. அறிவிக்கை வெளியான தேதியில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்ததோ அந்த மாவட்டத் தலைப்பின் கீழ்தான் அது அச்சாகியிருக்கும். வழக்கு நடந்திருந்தாலும் அப்படியே. பழைய வழக்குக் கட்டு செங்கல்பட்டு மாவட்டத்து நீதிமன்றங்களின் பக்கமும், பின்னாளையது சென்னை நகர உரிமையியல் நீதிமன்றத்திலும் இருக்கும்.

வருவாய்க் கணக்குகள் பசலி ஆண்டில் நடக்கும். ஜூலை 1 அன்று பசலி பிறக்கும். அந்த ஜூலையின் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி. 1978 ஜூலை என்றால் பசலி 1388. எல்லை மாறிய வருடத்தை ஒட்டிய அடங்கல் வேண்டுமென்றால் முன்னும் பின்னும் இரண்டு பசலிக்குக் கேளுங்கள். கிராமமாகவே நீடித்த பக்கத்து ஊர்களில் இன்னொரு வெட்டுக்கோடு 1980 நவம்பர். கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது அப்போதுதான். அதுவரை ஊர்க் கணக்கு பல இடங்களில் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கை மாறியபோது எல்லாத் தாளும் கை மாறவில்லை.

அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காணி 24 மனை, அதாவது 24 கிரவுண்டு, 57,600 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி. பழைய பத்திரத்தின் குழிக்கணக்கும் இன்றைய சதுர அடியும் ஒட்டுகிறதா என்று போட்டுப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வேறு நிலத்தைத் துரத்துகிறீர்கள் என்று பொருள்.

சக்குபந்தியை, அதாவது பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியைப் படிப்பதிலும் ஒரு பிசகு வழக்கமாக நடக்கிறது. ‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்று எழுதியிருந்தால் நிலம் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது, வாய்க்கால் நிலத்துக்குக் கிழக்கே. பலர் தலைகீழாகப் படித்துப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். மாவட்டப் பெயரைவிட நான் சக்குபந்தியைத்தான் நம்புவேன். ராஜீவ் காந்தி சாலை அன்று மகாபலிபுரம் ரோடு, பெயர்தான் வேறு. பக்கிங்காம் கால்வாய் அன்றும் இன்றும் பக்கிங்காம் கால்வாய்.

கடைசியாக எழுத்து. பழைய கையெழுத்துத் தாள்களில் எகர ஏகார, ஒகர ஓகார வித்தியாசம் காட்டாமல் எழுதுவது உண்டு, புள்ளியும் விடுபடும். ‘வேளச்சேரி’ ‘வெளச்செரி’யாகவும் ‘தரமணி’ ‘தாரமணி’யாகவும் நிற்கும். ஊர் பட்டணத்தோடு சேர்ந்த அதே 1978-இல்தான் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ணை, லை, னை, றா, னா எல்லாம் சுழித்து எழுதும் பழைய உருவங்கள். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர் தேடப் போனால் அந்த எழுத்துகளை வீட்டில் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பழகிக்கொண்டு போகட்டும்.

அந்த அம்மாவிடம் ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்: சைதாப்பேட்டை, 1962, பத்திர எண், அப்பாவின் பெயரும் தாத்தாவின் பெயரும். மூன்று வாரம் கழித்து அதே மஞ்சள் பையோடு வந்தார். நகல் கிடைத்திருந்தது. கூடவே அப்பா 1966-இல் ஒரு பகுதியை விற்றிருந்த விவரமும். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நகலில் அப்பாவின் கையெழுத்து இருக்காது, எழுத்தர் பெயரை மட்டும் எடுத்து எழுதியிருப்பார். ஆனாலும் அந்தப் பெயர் வரும் இடத்தில் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

“மீதி எவ்வளவு சார் எங்களுது?” என்று கேட்டார். குழிக்கணக்கைப் போட ஆரம்பித்தோம்.